அச்சம் திறந்த விண்வெளி வாசல்

அறிவின் வளர்ச்சிக்கு ஆர்வம் மட்டுமே காரணமாக இருந்ததில்லை. அச்சமும் காரணமாக இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இதற்குத் தக்க சான்று ஸ்புட்னிக்.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் விண்ணில் செலுத்திய இம்முதல் செயற்கைக்கோள், 58 செ.மீ. விட்டமும் 83.6 கிலோ எடையும் கொண்ட ஓர் உலோக உருண்டை. ஏறத்தாழ 96 நிமிடங்களுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றி வந்தது; மூன்று வாரங்கள் வானொலிச் சமிக்ஞைகளை அனுப்பிற்று. ஆயுதம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அமெரிக்கா கலங்கியது. அக்கலக்கம் உருண்டையைக் குறித்ததன்று. அதனைச் சுமந்து சென்ற ஆர்-7 ராக்கெட்டைக் குறித்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்து அணுகுண்டை வீசுவதற்கென உருவாக்கப்பட்ட ராக்கெட் அது. இரு பெருங்கடல்களைத் தமக்கு அரணாக நம்பியிருந்த மக்கள், அந்த அரண் பயனற்றுப் போனதை உணர்ந்தனர்.

1957 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் வான்கார்டு ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது. 1958 ஜனவரி 31 அன்று எக்ஸ்ப்ளோரர்-1 வெற்றி கண்டது; அதே ஆண்டில் நாசா தோன்றியது. இவற்றினும் நம் கவனத்திற்குரியது, அவ்வாண்டு இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். அறிவியலுக்கும் கணிதத்திற்கும் மட்டுமன்றி அயல்மொழிகளுக்கும் அது நிதி வழங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அரபும் உருதும் வேரூன்றியதற்கு அந்நிதியும் ஒரு காரணம். ராக்கெட்டுக்கு அஞ்சிய நாடு வகுப்பறையை நாடியது.

வல்லரசுகளின் போட்டியால் நாமும் பயனடைந்தோம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் ராக்கெட் அமெரிக்கா வழங்கியது. 1975 ஏப்ரல் 19 அன்று ஆரியபட்டாவைச் சுமந்ததோ சோவியத் ராக்கெட். இரு முகாம்களும் நம் நட்பை விரும்பிய காலம் அது. 1980 ஜூலை 18 அன்று, இராமேஸ்வரத்தின் அப்துல் கலாம் திட்ட இயக்குநராக விளங்கிய எஸ்.எல்.வி-3, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

ஆனால் பிறர் கொடுப்பதைப் பிறர் மறுக்கவும் கூடும். கிரயோஜெனிக் எஞ்சின் நுட்பத்தைத் தர 1991இல் ஒப்பந்தம் செய்த ரஷ்யத் தரப்பு, அமெரிக்க நெருக்கடியால் 1993இல் பின்வாங்கியது. எஞ்சின்கள் வந்தன, நுட்பம் வரவில்லை. விண்கலம் ஏவும் கை ஏவுகணையும் ஏவும் என்ற 1957ஆம் ஆண்டின் அதே ஐயம் இப்போது நம்மீது திரும்பியது. இந்தியா தானே முயன்றது. சொந்த எஞ்சினுடன் வெற்றி பெற 2014 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த உள்நாட்டு நுட்பத்தின் வலிமையில்தான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டது. ஆகஸ்ட் 19இல் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதிச் சிதைந்தது. நான்கு நாள் கழித்து நம் கலம் நிலவின் தென்துருவத்திற்கு அருகில் மெல்லத் தரையிறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வே ஊழியரின் மகன். அவ்வூர் ரயில்வே பள்ளியில் பயின்று, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, பின்னரே பொறியியல் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவர்.

ஸ்புட்னிக்கின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது வல்லரசுகளின் போட்டியை அன்று. அப்போட்டி அவர்களைக் கல்வியின்பால் திருப்பியதையே. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எளிய பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செம்மையாகக் கற்பிக்க நமக்கு ஓர் அச்சம் தேவையில்லை, அக்கறை போதும்.