மயக்கமும் மரத்துப்போதலும்

1846இல் பாஸ்டனில் ஈதர் கொண்டு நோயாளியை மயக்கிச் செய்த அறுவை உலகப் புகழ்பெற்றது. மறு ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான கலைச்சொற்களையும் ஆக்கினார். 1884 மே மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கார்ல் கோலரின் ஆய்வு, கொக்கெயின் துளிகளால் கண்ணை மட்டும் உணர்விழக்கச் செய்யலாம் எனக் காட்டியது. 1898இல் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி, நோயாளி விழித்திருக்கவே கீழுடலின் வலியகற்றினார்.

தமிழிலோ இவ்விரு முறைகளுக்கும் ‘மயக்க மருந்து’ என்பதே பொதுப்பெயராயிற்று. முதுகில் ஊசி ஏற்றபின்னும் நினைவு தப்பாத நோயாளி, மருந்து பலிக்கவில்லையோ என அஞ்சக்கூடும். பல் பிடுங்குமிடத்தில் மக்கள் சொல்லும் ‘மரத்துப்போகும் ஊசி’யோ பொருளைச் சரியாகவே உணர்த்துகிறது. நரம்புவழி வலித்தடுப்பைப் பயில்வோர் அச்சொல்லையும் பயில்வது நன்று.