குறைமாதக் குழந்தையும் தாய்ப்பாலும்

ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று கூறுவாரை நம் இல்லங்களில் இன்றும் காண்கின்றோம். கருவில் நாள் மிகுந்தோறும் உறுப்புக்கள் முதிருமாதலின், எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது சிறிது சிந்திப்பார்க்கும் விளங்கும். குறைமாதக் குழந்தை பிழைப்பது மாதக் கணக்கின் மாயமன்று. வெப்பமும் உணவும் தூய்மையும் தந்து மனிதர் காத்ததன் பயனேயாகும். அவற்றுள் உணவைப் பற்றிய சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பிரான்சு தேசத்துப் பாரிஸ் மாநகரில் தார்னியே என்னும் மகப்பேற்று மருத்துவர் ஒருவர் இருந்தார். கோழிமுட்டை பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்ட அவர், குழந்தைகளுக்கும் அத்தகைய பெட்டியொன்று செய்வித்து, 1880-ஆம் ஆண்டையொட்டித் தம் மருத்துவமனையில் வைத்தார். அதன்பின், 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுள் இறப்பு நூற்றுக்கு 66-இலிருந்து 38-ஆகக் குறைந்ததென 1883-இல் கணக்கு வெளியாயிற்று. உறிஞ்ச வலிமையற்ற குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியே வயிற்றிற் பால் செலுத்தும் முறையையும் அவர் கையாண்டார். அவர்வழி வந்த பியேர் புதேன், குழந்தைகளை நாடோறும் நிறுத்துப் பார்த்து, ஊட்டும் பாலை அளந்து வந்தார். தாயைக் குழந்தையினின்று பிரித்தல் தீதென 1900-இல் வெளியான தம் நூலில் வற்புறுத்தியவரும் அவரே. 1909-இல் வியன்னா நகரில், பிற தாயர் ஈந்த பாலைச் சேர்த்து வைக்கும் பால் வங்கியும் தோன்றிற்று.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. தாய்ப்பாலே உண்ட மிகச் சிறிய குழந்தைகள் போதிய எடை கூடவில்லை. 1947-இல் கார்டன், லெவின் முதலிய அமெரிக்க மருத்துவர், கொழுப்பிற் பாதி நீக்கிய பசும்பாற் கலவையை உண்ட குழந்தைகள், தாய்ப்பால் உண்டவற்றினும் விரைந்து எடை கூடியதைக் கண்டு வெளியிட்டனர். பின்னர்ப் பல மருத்துவமனைகளில் தாய்ப்பால் பின்தள்ளப்பட்டது. தராசு முள்ளே நீதிபதியாயிற்று!

எடை கூடாமைக்குக் காரணம் யாது? எலும்பிற்குரிய சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரஸையும் சிசு பெரும்பாலும் கருவின் கடைசி மூன்று மாதங்களிலேயே பெறுகின்றது. முந்திப் பிறந்த குழந்தை அதனை இழக்கின்றது. மேலும், மிகச் சிறிய குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம் வரை புரதம் வேண்டும். 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலிலோ ஏறக்குறைய ஒரு கிராமே உண்டு. வேண்டிய அளவு பாலைக் கொள்ள அச்சிறு வயிற்றில் இடமேது? குறைமாதத்திற் பெற்ற தாயின் பாலில் தொடக்கத்தில் புரதம் மிகுதி என 1978-இல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல அம்மிகுதியும் குறைந்துவிடும்.

தராசு சொல்லாத உண்மையை 1990-இல் இங்கிலாந்து வெளியிட்டது. லூக்கஸ், கோல் என்போர் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தனர். குடற்சுவரை அழுகச் செய்யும் கொடிய நோய், தாய்ப்பால் மட்டும் உண்டவரினும் மாவுப்பால் மட்டும் உண்டவர்க்கு ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாயிருந்தது. எடை கூட்டிய உணவே சில குழந்தைகளின் உயிருக்கு ஊறு செய்தது!

ஆகவே, தாய்ப்பாலை விலக்காது, அதிற் குறைந்ததை மட்டும் சேர்ப்பதே நெறி என்பது நிலைபெற்றது. புரதம், சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், வைட்டமின் முதலியவை அடங்கிய சத்துச் சேர்க்கையை அளந்து தாய்ப்பாலிற் கலந்தூட்டலாயினர். இஃது எல்லாக் குழந்தைக்கும் உரியதன்று. 32 வாரத்திற்கு முன் பிறந்த, அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆய்ந்து கொடுக்கலாம் என 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் சிங்கப்பூருக்கும் தாய்ப்பாற் சரித்திரத்தில் இடமுண்டு. பச்சிளங் குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின்பாலைப் புகட்டும் கொடுமையை 1939-இல் இந்நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் கண்டித்தார். அப்பேச்சிற்கு அவர் இட்ட பெயர் "பாலும் கொலையும்" என்பதாம். 2017-இல் இந்நகரின் கே.கே. மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி ஏற்பட்டது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களே! சீம்பாலைப் பீய்ச்சி எறிந்து சேனைத் தண்ணீர் புகட்டும் வழக்கத்தை விட்டொழியுங்கள். கண்ணாடிப் பெட்டியுட் கிடக்கும் சிசுவுக்குத் தாய் கறந்து கொடுக்கும் ஒரு கரண்டிப் பாலும் மருந்தேயாகும். மருத்துவர் அதிற் சத்துச் சேர்த்தால், "உன் பாலிற் சத்தில்லை" என்று மாமியாரோ கணவரோ அப்பெண்ணைப் பழிக்க வேண்டா. குறை அவள் பாலிலன்று. பிள்ளை முந்தி வந்ததிலே உள்ளது. அவ்வாறே, மருத்துவமனையிற் கலந்தாரென்று வீட்டில் டின்பாலையோ மாவையோ தாமே கலத்தலும் ஆகாது. அளவறிந்து சேர்ப்பது மருத்துவம். அளவறியாது சேர்ப்பது ஆபத்து.

தாயின் பாலும் அறிவின் துணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் கூடிய இடத்தில், முந்தி வந்த பிள்ளையும் நம் முற்றத்தில் ஓடி விளையாடும்.