நூலக உணவு விதிகள்: சித்தூர், திருப்பதி

நூலக உணவு விதிகள் என்பவை, பொது நூலகத்துக்குள் எதை, எங்கே உண்ணலாம், பருகலாம் என வரையறுக்கும் நடைமுறைகள். முழுத் தடை, மூடியுள்ள தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் அனுமதி, தனி உணவிடம் எனப் பெரும்பாலும் மூவகைப்படும்.

தடைக்கு முதற்காரணம் பூச்சியும் எலியும். சிந்திய பருக்கையும் பிஸ்கட் தூளும் கரப்பானையும் எலியையும் வரவழைக்கின்றன; வந்தவை நூற்கட்டின் பசை வரை அரிக்கின்றன. தேநீர்க் கறை காகிதத்தை விட்டு எளிதில் நீங்காது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். திருப்பதியில் 1939இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிறுவிய, இன்று ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகள் உள்ளன. அங்குள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளின் அருகே எவ்விதத் தளர்வும் கூடாது.

இவ்வட்டாரப் பொது நூலகங்கள் சட்டப்படி இயங்குபவை. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள சித்தூர் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்ததால், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் இங்கும் செல்லுபடியானது. பின்னர் 1960ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா (மாவட்ட நூலக அமைப்பு), சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியைக் கொண்டு கிளை நூலகங்களை நடத்துகிறது.

போட்டித் தேர்வுக்குப் படிப்போர் நாள் முழுதும் அமரும் வாசிப்பறையில், அதுவும் இவ்வட்டாரக் கோடையில், தண்ணீரை மறுப்பது நியாயமல்ல. சாப்பாட்டுக்குத் தனி இடம் ஒதுக்குவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உணவகம் வாசிப்பறைகளிலிருந்து விலகியே அமைந்துள்ளது.