பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்த பிரம்மச்சாரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பழவேற்காடு என்றால் ஏரியும் மீனும்தான். 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது, டச்சுக்காரர் வசமிருந்த அந்தப் பழவேற்காட்டில்தான் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் தஞ்சம் புகுந்தார். பெயர் யோகான் பிலிப் பப்ரிசியுஸ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, சென்னையைப் பிடித்த லா பூர்தொனே ஒரு வெற்றி வீரர். அந்த வெற்றியால் ஊரைவிட்டு ஓடியவர்களைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி கிடையாது.

பப்ரிசியுஸ் லுத்தரன் சபையினர். கத்தோலிக்கக் குருமாரைப்போல் மணமாகாமல் இருக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் சேர்ந்த தரங்கம்பாடி மிஷனை 1706-ல் தொடங்கிய சீகன்பால்குவே 1716-ல் திருமணம் செய்துகொண்டவர். பப்ரிசியுஸ் தனியாகவே வாழ்ந்தார். வேதாகமத் தமிழாக்கம், ஞானப்பாட்டுகள், 1779-ல் அச்சான தமிழ்-ஆங்கில அகராதி என்று அவர் காலம் போயிற்று. வேப்பேரியில் அவர் பொறுப்பிலிருந்த அச்சுக்கூடம் 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து கைப்பற்றி வந்தது என்பது காலத்தின் வேடிக்கை.

1750-ல் வந்த சுவார்ட்ஸ் ஐயரும் மணமாகாதவர்தான். ஆனால் சக ஊழியரின் மகன் கோல்ஹாப்பைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். தஞ்சை இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தார். 1798-ல் அவர் இறந்தபின் சரபோஜி மன்னர் எழுப்பிய சலவைக்கல் நினைவுச் சின்னம் தஞ்சையில் இன்றும் இருக்கிறது. பெறாத பிள்ளை செய்த மரியாதை அது.

தனிமை எல்லாவற்றுக்கும் காப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பணக் கொடுக்கல் வாங்கலில் பிறரை நம்பிய பப்ரிசியுஸ், முதுமையில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். வீட்டில் கணக்குக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்குமா என்று, கணக்கெழுதியே காலம் கழித்த எனக்குத் தோன்றுவதுண்டு.

மணவாழ்வு, மணமாகா வாழ்வு இரண்டையும் கடவுள் தரும் வரமாகவே பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதினார். நம் சபைகளிலோ முப்பது வயது தாண்டிய பெண் வந்தால், "இன்னும் ஒன்றும் அமையலையா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், யாரைத் தாங்குகிறாள் என்று கேட்பதில்லை. சீகன்பால்குவுக்குக் குடும்பம் இருந்தது, பப்ரிசியுஸுக்கு இல்லை. இருவர் உழைப்பையும்தான் தமிழ் பெற்றுக்கொண்டது.