வேலை தேடல் (தமிழ்நாடு)

வேலை தேடல் என்பது ஒருவர் தம் படிப்புக்கும் திறனுக்கும் ஏற்ற பணியிடத்தைக் கண்டறிந்து, விண்ணப்பித்து, தேர்வையும் நேர்காணலையும் கடந்து, பணி நியமன ஆணை பெறும் வரை செய்யும் முயற்சி. தமிழ்நாட்டில் இது இரண்டு தடங்களில் நடக்கிறது. அரசுப் பணிக்கு அறிவிக்கை, எழுத்துத் தேர்வு, தரவரிசை, கலந்தாய்வு என ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தனியார் துறையில் பெரும்பாலும் சில வாரங்களிலேயே முடிவு தெரிந்துவிடும். இரண்டுக்கும் படிக்க வேண்டியவை வேறு; சான்றிதழ்களைச் சரிசெய்து வைப்பது மட்டும் பொது.

சான்றிதழ்கள்

தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே அடிப்படை ஆவணமாகக் கொள்ளப்படுகிறது. தந்தை பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடும் தமிழ்நாட்டு வழக்கம் இங்கேதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. பள்ளிச் சான்றிதழில் ‘செல்வி கு’ என்றிருப்பவர் ஆதாரில் ‘செல்வி’ என்றும், பான் அட்டையில் ‘செல்வி குமார்’ என்றும், பாஸ்போர்ட்டில் ‘குமார்’ என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டும் இருப்பார். வேலையில் சேர்ந்த பிறகு வருங்கால வைப்பு நிதிக் கணக்கை ஆதாருடன் இணைக்கும்போது இந்த வேறுபாடு தலைவலியாகும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திக்கொள்வது எளிய வழி. பெயரையே மாற்றியவர்கள் அரசிதழில் வெளியான அறிவிப்பின் நகலை வைத்திருக்க வேண்டும்.

திருமணமான பெண்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் கேட்கும் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் பெற்றது ஏற்கப்படாது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கோருவோர், ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்கான கல்வித் தகுதி வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்றை, படித்த ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் வாங்க வேண்டும். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரைத் தேடிச் செல்லும் வேலையை அறிவிக்கை வந்த பிறகு வைத்துக்கொண்டால் நாள் போதாது.

அரசுப் பணி

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வது நெடுநாள் வழக்கம். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். பெரும்பாலான அரசுப் பணியிடங்கள் இன்று நேரடிப் போட்டித் தேர்வு மூலம் நிரப்பப்படுவதால், பதிவு மூப்பை மட்டும் நம்பியிருப்பது வீண். ஆனால் அதே அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி கிடைக்கிறது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. அலுவலகத்தின் உண்மையான பயன் இப்போது அவைதான்.

இந்தப் போட்டித் தேர்வுகளை நடத்தும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முன்னோடி 1929இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. ஆசிரியர் பணிக்கும், மருத்துவத் துறைக்கும், காவல் துறைக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன. தேர்வாணையத்தின் தேர்வுகளில் பெருந்திரளானோர் எழுதுவது குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்புத் தகுதி போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் உள்ளிட்ட பணியிடங்கள் இதில் வருகின்றன. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். இவற்றில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதிப் பகுதி. அதில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படாது. நேர்காணல் கிடையாது என்பதால் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்ப் பாடநூல்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதும், பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதுமே தேர்ந்தவர்கள் கைக்கொண்ட வழி. தட்டச்சில் தமிழும் ஆங்கிலமும் முடித்து வைத்தவருக்குத் தட்டச்சர் பணியிடங்களும் திறந்திருக்கும். மற்றவர்களுக்கு அவை இல்லை.

பட்டம் பெற்றபின் வேறு வருமானமின்றிப் போட்டித் தேர்வுகளுக்கே ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுப்பது பல குடும்பங்களில் காணும் நிலை. ஏதேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டே படிப்பது மெதுவான வழிதான். ஆனால் வயது வரம்பு தாண்டிய நாளில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.

தனியார் துறை

கல்லூரி வளாகத் தேர்வில் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கின்றன; நிலுவையில் அரியர் இருக்கக்கூடாது என்பதும் வழக்கமான நிபந்தனை. வளாகத் தேர்வு வராத கல்லூரி மாணவர்களுக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி நல்ல வாசல். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் வழங்கப்படும் இப்பயிற்சியைப் பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தோருக்கும் சென்னைத் தரமணியிலுள்ள தென்மண்டல வாரியம் நடத்துகிறது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் உண்டு.

புதியவரின் பயோடேட்டா ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். மதம், உயரம், பொழுதுபோக்கு என்று பழைய படிவத்தைப் பார்த்து நிரப்புவதால் பயனில்லை. ‘கடையில் வேலை பார்த்தேன்’ என்பதைவிட, ‘மளிகைக் கடையில் இரண்டாண்டு பில் போட்டேன், சரக்கு இருப்புக் கணக்கை எக்செல்லில் வைத்தேன்’ என்பது படிப்பவருக்கு ஆளைக் காட்டிவிடும். நிறுவனத்தில் ஏற்கெனவே பணிபுரியும் சீனியர் ஒருவர் மூலம் போகும் விண்ணப்பம் கவனிக்கப்படும் வாய்ப்பு அதிகம். இதைச் சிபாரிசு என்று கூச வேண்டியதில்லை.

சம்பளம் பேசும்போது ஆண்டுத் தொகையையும் கையில் வரும் தொகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வைப்பு நிதிக்கு ஊழியர் பங்கு 12 விழுக்காடு பிடிக்கப்படுவதோடு, நிறுவனத்தின் பங்கையும் பல நிறுவனங்கள் அந்த ஆண்டுத் தொகைக்குள்ளேயே காட்டுகின்றன. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக்கூடாது.

மோசடிகள்

தனியார் நிறுவன வேலைக்கு முன்பணம், பதிவுக் கட்டணம், ‘லேப்டாப் டெபாசிட்’ என்று எது கேட்டாலும் அது மோசடியாகவே இருக்கும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டனர். சுற்றுலா விசாவில் சென்று வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது. அந்த விசாவில் வேலைக்கு அழைக்கும் முகவரை அங்கேயே மறுத்துவிட வேண்டும்.