சகோதரரும் சுங்கச் சாவடியும்

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்று அன்னிய தேசத்துக்குள் நுழையும் எண்ணம் வருவதில்லை. திரும்பும்போதுதான் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். பைக்குள் இருக்கும் புட்டி அப்படி! 1954-க்கு முன்னால் படபடப்பு எல்லோருக்கும் பொது. அந்தப் பக்கம் பிரெஞ்சு சர்க்கார், இந்தப் பக்கம் இந்திய சர்க்கார்.

விழுப்புரத்துக்குக் கிழக்கே நிலைமை இன்னும் விசித்திரம். பிரெஞ்சுக் கிராமங்களும் தென்னாற்காடு ஜில்லாக் கிராமங்களும் சோறும் குழம்புமாகக் கலந்து கிடந்தன. என் பாட்டி வாழ்க்கைப்பட்டது இந்தியாவில். அவளுடைய அண்ணன் இருந்தது பிரெஞ்சு எல்லையில். கார்த்திகைச் சீராக அவர் கொண்டு வரும் வெல்லமும் பொரியும் சாவடியில் அவிழ்க்கப்படும். "எங்கண்ணன் எனக்குக் கொண்டாற வெல்லத்துக்குத் தீர்வை கேக்க இவன் யாரு?" என்று பாட்டி கடைசிவரை கேட்டுக் கொண்டிருந்தாள்.

சுங்கக் கெடுபிடி 1949-இல் இறுகியது. 1954-இல் இன்னும் இறுகியது. டில்லியில் அப்போது பேசிய பேச்சோ சகோதர பாசம். பிரிந்த பிள்ளைகள் தாய்வீடு திரும்ப வேண்டும் என்ற உருக்கம். உருக்கம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட்டால் கதவைச் சாத்துவதற்கும் ஓர் உரிமை வந்துவிடுகிறதல்லவா? பாரிஸுக்கும் ஓர் உணர்ச்சி இருந்தது: கௌரவம். ஜனங்களின் சம்மதமில்லாமல் பிரதேசத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதென்று 1946-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் கௌரவம் சௌகரியமாக உட்கார்ந்து கொண்டது.

நேரு இதை நன்றாக அறிந்திருந்தார். பிரான்ஸின் மேல் அவர் கோபத்தைக் கிளப்பவில்லை. புதுச்சேரி பிரெஞ்சுக் கலாசாரத்துக்கு ஒரு சாளரமாக இருக்கும் என்றார். போகிறவனைப் பூமாலையோடு வழியனுப்புகிற பேச்சு அது. 1954 ஜூலையில் இந்தோசீன யுத்தத்தை ஜினீவாவில் முடித்த மெண்டெஸ் பிரான்ஸ் பிரதமராக இருந்ததும் நல்ல வேளை. கோவா விஷயத்தில் ஸலாஸார் அது காலனியே அல்ல, போர்ச்சுகலின் மாகாணம் என்று சாதித்தார். 1955 ஆகஸ்டில் சத்தியாக்கிரகிகள் சுடப்பட்டார்கள். அங்கே பூமாலைக்கு இடமில்லை. 1961 டிசம்பரில் பட்டாளம் போயிற்று. கைக்குக் கிடைத்த உணர்ச்சி எதுவோ, அதற்கேற்ற கொள்கை.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இணைப்புக்கு 170 வாக்கு, எதிராக 8. ரத்தக்களரியில்லாமல் முடிந்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஜனங்களின் சம்மதம், சம்மதம் என்று இத்தனை வருஷம் உருகியவர்கள், பாட்டியின் அண்ணனிடம் ஒரு வாக்குச் சீட்டைக் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் சந்தோஷமாகவே சரியென்றிருப்பார். நிர்வாகம் நவம்பர் 1-இல் கைமாறியது. சட்டப்படி முழுவதும் கைமாற 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. அதுவரை அல்ஜீரியாவின் புண் பிரான்ஸைத் தயங்க வைத்தது.

அந்த வருஷக் கார்த்திகைக்கு அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சாவடியில் யாரும் தடுக்கவில்லை. பழக்கதோஷம், அவரே வண்டியை நிறுத்தி, இறங்கி, வெல்ல மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாராம்.