பாலத்துக்கு வச்ச புதுப்பேர்

சுவிட்ச்னா என்னன்னு வீட்ல கேட்டா சுவத்தைக் காட்டுவாங்க. நெட்வொர்க் ஆசாமிகிட்ட கேட்டா, ஒயர் ஒயரா செருகின ஒரு பெட்டியைக் காட்டுவார். ரெண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போட்டு 'ஆளி'ன்னு எழுதுறவங்க இருக்காங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. ஏன்னு சொல்லக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1973 மே 22. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடம். அங்கிருந்த ஆல்டோ கணினிகளை ஒரே கேபிளில் கோர்ப்பது பற்றி பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட், கணினிகளை ரேடியோ அலையில் பேச வைத்திருந்தது. அந்த யோசனையைத்தான் இவர் கேபிளுக்குள் இறக்கினார். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கிட்டா, ரெண்டு பேரும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசணும். அவ்ளோதான் சூத்திரம்!

பேர்தான் வேடிக்கை. ஒளி பரவ 'ஈதர்'னு ஒரு பொருள் எங்கும் நிறைஞ்சிருக்குன்னு 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினாங்க. 1887இல் மைக்கெல்சனும் மார்லியும் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. இயற்பியல் கைகழுவிய அந்தச் சொல்லை எடுத்து மெட்காஃப் 'ஈதர்நெட்'னு வச்சார். கேபிளோ, டெலிபோன் ஒயரோ, ரேடியோவோ, எது வேணா அந்த ஈதரா இருக்கலாம்ங்கறது அவர் கணக்கு. 'கேபிள்நெட்'னு வச்சிருந்தா இன்னைக்கு ஃபைபரில் ஓடும்போது அசட்டுத்தனமா இருந்திருக்கும், இல்லீங்களா?

அடுத்து வந்தது 500 மீட்டர் வரை போகும் தடிமனான கேபிள். பெரும்பாலும் மஞ்சள் நிறம். இரண்டரை மீட்டருக்கு ஒரு குறி இருக்கும். அங்கே ஊசி மாதிரி ஒண்ணை உள்ளே இறக்கி இணைப்பு எடுப்பாங்க. அதுக்குப் பேர் 'வாம்பயர் டாப்', அதாவது ரத்தக்காட்டேரி! யார் வச்சாரோ, ரசிகர்.

1990இல் டெலிபோன் ஒயர் மாதிரியான மெல்லிய ஒயருக்குத் தரநிலை வந்ததும் ஹப் பரவலாச்சு. ஹப்னா சக்கரத்தின் நடுப்பகுதி. நம்ம மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதுக்குக் 'குடம்'னு பேரே இருக்கு. ஆரக்கால் எல்லாம் அதில்தான் சேரும். அழகான சொல், சும்மா கிடக்குது. ஆனா ஹப் ஒரு தண்டோராக்காரன். ஒரு வாசலில் வந்த செய்தியை மற்ற எல்லா வாசலிலும் கத்தும்.

பிரிட்ஜ் அப்படி இல்லை. எந்தக் கணினி எந்தப் பக்கம்னு கவனிச்சு வச்சுக்கிட்டு, தேவையான பக்கம் மட்டும் அனுப்பும். 1990இல் கல்பனான்னு ஒரு சிலிக்கான் பள்ளத்தாக்கு கம்பெனி இதையே ஏழு வாசல் வைத்து 'ஈதர்சுவிட்ச்'னு விற்றது. வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் ஆரம்பித்தது. கல்பனா என்பது பரத்வாஜின் மனைவி பேர். நம்ம கற்பனையேதான்! செய்தி முழுசா வர்ற வரைக்கும் காத்திருக்காமல், முகவரியைப் படிச்ச உடனே தள்ளிவிட ஆரம்பிக்கும். வேகம் அங்கேதான். 1994இல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கியது.

ஆக, அந்த சுவிட்ச் சுவத்து சுவிட்ச் இல்லீங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி, பேசுற ஜோடிக்கு மட்டும் வழி கொடுக்கிற சாதனம். ஐ.ட்ரிபிள்.ஈ தரநிலை ஆவணங்களில் இன்னைக்கும் அதன் பேர் பிரிட்ஜ்தான். அப்புறம் நாம ஏன் விளக்குப் போடுற 'ஆளி'யை அங்கே கொண்டுபோய் வைக்கணும்? ஹப்புக்குக் குடம், சுவிட்சுக்குப் பாலம், இதுதான் என் ஓட்டு. ரௌட்டருக்கு 'திசைவி' கச்சிதமா இருக்கு, அதில் யாரும் கை வைக்காதீங்க.